மேசையில் நான் கீறிய இரண்டு சொல்

அந்தப் படம் வந்தபோது நான் ஒரு அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். காலை பத்து மணியிருக்கும். மெஷின் பலகையில் கிடந்த ஃபோன் விடாமல் அதிர்ந்து, நூல்கட்டையையும் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தது. விழுந்தால் கண்ணாடி போய்விடும் என்று எட்டிப் பிடித்தேன். இல்லாவிட்டால் பின்நேரம் வரை பார்த்திருக்கவே மாட்டேன்.

எங்கள் பள்ளிக்கூட பேட்ச்சின் ஃபேஸ்புக் பக்கத்தில், அதை நடத்தும் நவ்பர் ஒரு படம் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பழைய தளபாடங்களைக் கழிக்கப் போகிறார்களாம். களஞ்சிய அறையிலிருந்து ஒரு மேசையை வெளியே இழுத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, கிட்ட நின்று படம் எடுத்திருந்தார். “இதுல யார் யார்ட பேர் ஈக்கி? தேடுங்க பாப்பம்” என்று மேலே எழுதியிருந்தார்.

ஊரே தேடியது. கத்தாரில் இருப்பவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுத் தேடினார்கள். நானும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அம்பு குத்திய இதயம் ஒன்று. பாதியில் நின்ற ஏழாம் வாய்பாடு. யாரோ ஒரு மு.ந. வலது பக்கத்தில், கவராயத்தின் முனையால் ஆழமாகக் கீறிய எழுத்து.

“அகதி கள்ளி. பேனய வை.”

என் எழுத்துத்தான். ளகரத்தின் கடைசிச் சுழியை நான் எப்போதும் அளவுக்கு மேல் இழுப்பேன். இன்றைக்கும் என் அளவுக் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது.

படத்துக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் விழுந்துகொண்டிருந்தன. “யாரப்பா இந்தப் பொலிஸ்” என்று ஒருவர் கேட்டிருந்தார். “பேன கெடச்சா இல்லயா?” என்று இன்னொருவர். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ‘உம்மு ஸைனப்’ என்ற பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது.

“அந்த மேசையில நானும் இருந்தனான். பின்நேரம். அந்தப் பேனையை நான் எடுக்கல்ல.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பூந்தோட்டம்

இந்தத் தொடரில் போன வாரம் வரை என் தையல் கதையைத்தான் எழுதி வந்தேன். இந்த வாரமும் ஒரு கலியாணச் சட்டையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதினால் எனக்கே என்மேல் மரியாதை இருக்காது.

எங்கள் பேட்ச் பெண்களைத் தேடி ஃபேஸ்புக்கில் போனால் பூந்தோட்டத்துக்குள் போன மாதிரி இருக்கும். முகம் போடமாட்டோம். ஒருத்தி சிவப்பு ரோசா, ஒருத்தி மஞ்சள் ரோசா, ஒருத்தி மதீனாப் பள்ளி. பெயரும் போடமாட்டோம். உம்மு ஹனீன், உம்மு ஆகில் என்று, அவரவர் பிள்ளைக்கு உம்மா என்ற பெயர்தான். ஊரில் இருபது ஹனீன், முப்பது ஸைனப். எந்த ஸைனபுடைய உம்மா இது என்று கண்டுபிடிக்க தனிப் பொலிஸ் வேண்டும்.

என் உயிர்த்தோழி ஸுஹைரா மஞ்சள் ரோசா. அவள்தான் என்று நினைத்து நான் மூன்று மாதம் இன்னொரு மஞ்சள் ரோசாவிடம் என் மாமியாரைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். அந்த மனுசி கிழக்கிலே எங்கோ இருந்தார். பொறுமையாகக் கேட்டு, “ஸபூர் செய்யுங்க தங்கச்சி, பொறுத்துக்கொள்ளுங்க” என்று துஆவும் அனுப்பினார்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்தப் பூக்கள் இல்லாவிட்டால் நாங்கள் ஒன்றுசேர்ந்திருக்க மாட்டோம். கலியாண வீடுகளில் கண்டால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள், வாட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ‘ஜும்ஆ முபாரக்’ சொல்லத் தொடங்கி, அப்படியே கதை வளர்ந்து, ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம் என்று முடிவானது. சனிக்கிழமையும் குறித்தாயிற்று. ஆண்களுக்கு ஒரே நிறத்தில் டீ ஷேர்ட். பெண்களுக்கு ஒரே நிறத்தில் ஸ்கார்ப். மாதுளம்பூ நிறத்தில் துணி எடுத்து, வெட்டி, ஓரம் தைக்கிற வேலை என்னுடையது.

எத்தனை ஸ்கார்ப் என்று நவ்பர் பட்டியல் அனுப்பியிருந்தார். புத்தளம் பக்கத்துக் கடற்கரையான கண்டக்குழியில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஆள் அவர். எதையும் படம் எடுத்துப் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனுசர்தான். அந்தப் பட்டியலில் அதே வகுப்பறையில் பின்நேரம் படித்த ஆட்கள் ஒருவரும் இல்லை. இல்லை என்பதுகூட எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

காலையும் பின்நேரமும்

யுத்த நேரம், வடக்கிலிருந்து முஸ்லிம் சனங்களை வெளியேற்றிய காலம் அது. மன்னார்ப் பக்கத்துச் சனம் வள்ளங்களில் வந்து எங்கள் கரைகளில் இறங்கியது. என் உம்மா பெரிய சட்டியில் சோறாக்கிக் கொடுத்தனுப்பியது நினைவிருக்கிறது. ஈரப் பாவாடைகளோடு வரிசையாக இருந்த பெண்களும், உப்புக் காய்ந்த பிள்ளைகளும் நினைவிருக்கிறார்கள். அதே உம்மா ஒரு வருடம் போனதும், “அகதிச் சனம் வந்து கெணறு வத்திப் போச்சி” என்றும் சொன்னார். இரண்டும் நடந்தது. ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பள்ளிக்கூடம் நடந்தது. காலையில் நாங்கள். பின்நேரம் அவர்கள். அவர்களுக்கு வேறு அதிபர், வேறு ஆசிரியர்கள், வேறு வரவு இடாப்பு. கதிரை, மேசை, கரும்பலகை மட்டும் ஒன்று. சுண்ணக்கட்டியைக்கூட எங்கள் டீச்சர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.

மதியம் மணியடித்ததும் நாங்கள் வெளியே வர, அவர்கள் உள்ளே போவார்கள். கேற்றடியில் இரண்டு வரிசை உரசிக்கொண்டு போகும். அவர்களுடைய வெள்ளைச் சட்டையில் நீலம் சற்றுத் தூக்கலாக இருக்கும். பழைய துணியை வெள்ளையாகக் காட்டப் போட்ட நீலம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதையும் சொல்லிச் சிரித்தோம். யாரும் யாரோடும் கதைத்ததில்லை.

அகதி என்ற சொல்லை நாங்கள் திட்டுவதற்காகச் சொன்னதில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அகதிப் பள்ளிக்கூடம், அகதிக் கடை, அகதி டீச்சர். அவர்கள் வீடு கட்டி, கிணறு வெட்டி, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அந்தச் சொல்லை நாங்கள் விடவில்லை. திட்டாத சொல் என்றால் ஏன் அவர்கள் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னோம் என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன்.

நாலு நிறப் பேனை

வாப்பா சவூதியிலிருந்து வந்தபோது எனக்கொரு பேனை கொண்டுவந்தார். ஒரே பேனையில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. மேலே உள்ள குமிழை அழுத்தினால் ‘டக்’ என்று நிறம் மாறும். அந்தச் சத்தத்துக்காகவே வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் காலை பார்த்தால் பேனை இல்லை. மேசைக்குக் கீழே உள்ள தட்டில் முதல்நாள் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றே நினைத்தேன். அப்படியென்றால் பின்நேரம் வந்தவள்தான் எடுத்திருக்க வேண்டும். வேறு யோசனையே எனக்கு வரவில்லை. கவராயத்தை எடுத்தேன். பக்கத்தில் ஸுஹைரா டீச்சர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீறினேன்.

அடுத்தநாள் காலை, அதற்குக் கீழே நீல மையில் சின்னதாக எழுதியிருந்தது. “நான் எடுக்கல்ல.”

எச்சில் தொட்டு அழித்தேன். மறுநாளும் எழுதியிருந்தது. மறுநாளும் அழித்தேன். அவளிடம் கவராயம் இருக்கவில்லைபோலும். மையால் எழுதியதால் அது ஒவ்வொரு நாளும் போனது. அவளும் ஒவ்வொரு நாளும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பேனை கிடைத்தது. உம்மாவின் தையல் மெஷினில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள், பொபின்களோடு கிடந்தது. என் தம்பி கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். நீல மை அங்கேயே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதற்கு மேலே கொப்பியை வைத்து மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பேனை கிடைத்த கதையை ஸுஹைராவிடம் மட்டும் சொன்னேன். அந்தத் தவணை முடிய எங்களை வேறு அறைக்கு மாற்றினார்கள். கீறியதை நான் மறந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையாகவே மறந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காய்

உம்மு ஸைனப் எழுதிய வரி அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நவ்பர் அழித்துவிட்டார். படத்தின் வலது பக்கத்தையும் வெட்டிவிட்டு, வாய்பாட்டையும் இதயத்தையும் மட்டும் திரும்பப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. நல்லவேளை, முதல் படத்தை நான் ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன்.

ஸுஹைரா உடனே அழைத்தாள்.

“கண்டியா?”

“கண்டேன்.”

“வாயத் தொறந்திராத. யாருக்கும் தெரியா. நானும் செல்லமாட்டேன்.”

“அவ எடுக்கல்லடி. ஒனக்குந் தெரியும்.”

“தெரியும். அதுக்கு இப்ப என்ன செய்யச் செல்ற? சின்னப் புள்ளயள்ல செஞ்சது. சும்மா கெடந்த சங்க ஊதாத ரிஸ்வானா.”

நவ்பரை அழைத்தேன். ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன்.

“சந்தோசமாக் கூடப்போற நேரம் என்னத்துக்கு இந்தப் பழைய கதையெல்லாம்? அவங்க நம்ம பேட்ச்சும் இல்லயே. அது வேற ஸ்கூல்.”

“அதே வருசம், அதே வகுப்பு, அதே மேச.”

“லிஸ்ட்ல இல்லயே” என்றார்.

அந்த மனுசருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. அன்று அபாயாவின் இரண்டு கையையும் மாற்றிப் பொருத்தி, பிரித்து, திரும்பத் தைத்தேன்.

உம்மு ஸைனபுக்கு மெசெஞ்சரில் எழுதினேன். நீளமாக எழுதி, அழித்து, கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன். “அஸ்ஸலாமு அலைக்கும். அதை எழுதியது நான்தான். என் பெயர் ரிஸ்வானா. உங்களைக் காண வேண்டும்.” அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. மூன்று நாளாகப் பதில் இல்லை.

நான்காம் நாள் அந்த வடக்குச் சனம் குடியேறிய ஆலங்குடாவிலிருந்து என்னிடம் தைக்க வரும் ஒரு பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பூவைப் பார்த்து அவளுக்குத் தெரியவில்லை. கீழே ஒரு படத்தில் மஞ்சள் சுவரில் யானையும் ஆமையும் வரைந்திருந்தது. “இது எங்கட முனவ்வரா டீச்சர்ட நேசரியல்லவா” என்றாள்.

உடனே மெஷினை மூடினேன். ஸ்கூட்டியை வெளியே எடுக்கும்போது எங்கள் வீட்டு ஆள், எங்கே என்று கேட்டார். சொன்னேன். “தலயக் குடுக்கப் போற ஆளுக்கு ஹெல்மட் என்னத்துக்கு?” என்றார். அதோடு நிற்காமல் பெற்றோல் இருக்கிறதா என்றும் திறந்து பார்த்தார்.

ஆலங்குடா

காற்றுக் காலம். வீதியில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில், கடலுக்கு மேலே வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் நின்றன. நேசரி விட்டு, பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஒல்லியான ஒரு பெண் குட்டிக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முனவ்வரா டீச்சர்?”

“ஓம்.”

“நான் ரிஸ்வானா.”

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. நானும் ஒரு கதிரையைத் தூக்கிக் கொடுத்தேன். வாங்கி அடுக்கினாள். அப்படியே நாலைந்து கதிரை போனது.

“அந்தப் பேன எங்கட வீட்டுலதான் ஈந்திச்சி டீச்சர்” என்றேன். “தம்பி மெஷின் லாச்சிக்குள்ள போட்டிருக்கான். எனக்கு மாப்புத் தாங்க.”

அவள் கை நின்றது.

“எப்ப கண்டு எடுத்தனீங்க?”

“அந்தக் கெழமயே. வெள்ளிக்கெழம.”

“அப்ப திங்கக்கிழமை உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

ஒரு குட்டிக் கதிரையை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. வெகுநேரம் சுவரில் இருந்த ஆமையையே பார்த்தாள். பிறகு எனக்கல்லாமல் தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்ப ரஜீனாவும் எடுக்கல்ல.”

ஒரு ஆள், இரண்டு ஆள்

ரஜீனா யார் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“அந்த மேசையில நாங்க ரெண்டு பேர். பின்நேரம் ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும். அதால ஒரு நாள் நான் அந்தப் பக்கம், ஒரு நாள் அவள். நீங்க எழுதின பக்கத்துல நானும் இருந்தனான், அவளும் இருந்தவள்.”

காலையில் அந்த ஜன்னலில் வெயில் வராது. பின்நேரம் வரும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்பும் சரி, படத்தைக் கண்ட பிறகும் சரி, என் இடத்துக்கு ஒரேயொரு பின்நேரத்துக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“நீங்க கள்ளி எண்டு எழுதினீங்க” என்றாள். “ஒரு ஆளைத்தான் எழுதினீங்க. நாங்க ரெண்டு பேர். நான் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். அப்ப ஆர் எடுத்தது?”

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆறுதலாகத்தான் கேட்டாள்.

“எங்கட சேர் வகுப்பில எல்லாருட பையையும் நிலத்தில கொட்டிப் பார்த்தவர். பேனை இல்ல. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் கள்ளிகள் எண்டு பேர் வந்திட்டுது. ஓ.எல். சோதினை வரைக்கும் அந்தப் பேர் போகல்ல. நான் ஒவ்வொரு நாளும் எழுதினனே, நான் எடுக்கல்ல எண்டு. அது உங்களுக்கு இல்ல. நீங்க ஆரெண்டே எனக்குத் தெரியா. ரஜீனா வாசிக்கட்டும் எண்டுதான் எழுதினன். அவள் ஒரு நாளும் ஒண்டும் எழுதல்ல. அதால அவள்தான் எடுத்தவள் எண்டு நினைச்சன்.”

இருவரும் ஒரே வள்ளத்தில் வந்தவர்களாம். இரண்டு நாள் கடலில் ஒரே போர்வைக்குள் இருந்தவர்களாம். பேனைக்குப் பிறகு கதைக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் ரஜீனா குடும்பம் மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டது. இவள் இங்கேயே கலியாணம் முடித்து இருந்துவிட்டாள்.

“ஃபேஸ்புக் அடிக்கடி அவள்ட முகத்தைக் கொண்டுவந்து காட்டும், இவவைத் தெரியுமா எண்டு. தெரியாது எண்டு தள்ளி விட்டிருவன். எத்தினை தரம் தள்ளியிருப்பன்.”

அழுதாள். நானும் அழுதேன். என் அழுகைக்கு அங்கே பெரிய பெறுமதி ஒன்றும் இல்லை என்பது எனக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை வாருங்கள், எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன்.

“மேசையில எழுதினதை ரெண்டு பள்ளிக்கூடமும் வாசிச்சது. இப்ப நீங்க வந்து என்ட காதுக்குள்ள சொல்லுறீங்க. எழுதினவங்க எழுதத்தான் வேணும். அது முடியட்டும், பிறகு வாறதைப் பாப்பம்.”

தேத்தண்ணி தந்தாள். சீனி கேட்கவில்லை, அளவுக்கு மேல் போட்டிருந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு வந்தேன்.

எழுதினேன்

அன்றைக்கே எழுதினேன். முதலில் என் பக்கத்திலிருந்த ரோசாவை எடுத்தேன். உம்மு என்பதையும் எடுத்துவிட்டு என் முழுப் பெயரைப் போட்டேன். வெட்டாத படத்தை எங்கள் பேட்ச் பக்கத்தில் போட்டேன். கவராயத்தால் கீறியது நான், பேனை என் வீட்டில் கிடைத்தது, கிடைத்த பிறகும் அழிக்கவில்லை, அந்த மேசையில் பின்நேரம் இருந்த இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சின்ன வயது, அறியாத பருவம் என்றெல்லாம் கை எழுதப் பார்த்தது. விடவில்லை.

நவ்பர் அழைத்தார். “எடுத்திருங்க ரிஸ்வானா. பேட்ச்சுக்கே மானம் போகுது.”

“நீங்க எடுத்தா நானும் ஒன்டு செய்வேன். ஸ்கார்ப் முழுக்க என் வீட்டுலதான் ஈக்கி. ஒரு துண்டும் வெளிய வராது.”

“என்ன ரிஸ்வானா இது.”

“செல்றேன்தானே. ஓரம் இன்னும் தைக்கவும் இல்ல.”

அவர் எடுக்கவில்லை. கீழே சிலர் நன்றாகவே வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். “விளம்பரம் தேடுறா” என்று ஒருவர். “தையல்காரிக்கு வேல இல்லயா” என்று இன்னொருவர். நான் ஸ்கார்புக்கு ஓரம் தைக்க உட்கார்ந்தேன். பொழுது படும் நேரம் மஞ்சள் ரோசா ஒன்று எழுதியது. “பக்கத்தில் இருந்தது நான். எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை. ஸுஹைரா.” என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவள் அவள்.

பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நாங்களும் அந்த வகுப்புத்தான், பின்நேரம். நான் மூன்றாவது வரிசை. நான் கடைசி வரிசை. எங்களுக்கும் சனிக்கிழமை வர ஏலுமா? ஆலங்குடாவிலிருந்தும் தில்லையடியிலிருந்தும், மன்னாரிலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் எழுதினார்கள். லைக் கூடக்கூட நவ்பருக்கும் மனம் இளகியது. கடைசியில் “எல்லாரும் வாங்க, இன்ஷா அல்லாஹ்” என்று அவரே எழுதினார். நான் இன்னொரு துண்டுத் துணி எடுக்கப் புத்தளத்துக்கு ஓடினேன். அதே நிறம் கிடைக்கவில்லை. கொஞ்சம் வெளிறியதுதான் கிடைத்தது. இரண்டையும் கலந்து கட்டி, கைக்கு வந்ததைக் கொடுத்தேன்.

ரஜீனா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. முனவ்வராவால் அழைக்க முடியவில்லை. “எனக்கு வாய் வராது, நீங்க எடுங்க” என்று இலக்கத்தைத் தேடித் தந்தாள். எடுத்தேன். யாரென்று சொன்னேன். மறுபக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“வாசிச்சனான்” என்றாள். “முனவ்வராவுக்கு நான் எடுக்கல்ல எண்டு தெரியுமா?”

“தெரியும்.”

“அவ என்ன சொன்னவ?”

“அழுதாங்க.”

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

“சனிக்கிழமை முதல் பஸ்ஸில வாறன்” என்றாள்.

சனிக்கிழமை

மண்டபத்தில் சஹன் விரித்தாயிற்று. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் அந்தச் சாப்பாட்டுக்கு, யார் எந்தச் சஹனில் இருப்பது என்று பெண்கள் பக்கத்தில் இழுபறி நடந்துகொண்டிருந்தது. நவ்பர் செல்ஃபிக் கோலில் ஃபோனை மாட்டிப் பிடித்து, கத்தாரில் இருப்பவர்களுக்கு நேரலை காட்டிக்கொண்டு திரிந்தார். அவரை விலக்கிவிட்டு நான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். எழுதியதையே திரும்பச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லி முடித்தேன்.

முனவ்வரா வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றாள்.

பஸ் பிந்தித்தான் வந்தது. கேற்றைத் தாண்டி ஒரு பெண், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் முன்னால் போனேன். என் பெயரைச் சொன்னேன். “நீங்கதானா” என்றாள். மாப்புக் கேட்டேன். “அதைப் பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

தொட்டியடியில் இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள்.

“நீ ஏண்டி ஒரு நாளும் ஒண்டும் எழுதல்ல?” என்று முனவ்வரா கேட்டாள்.

“எடுக்காதவள் ஏன் எழுதவேணும்? நீ ஒவ்வொரு நாளும் எழுதினாய். அதாலதான் நீ எடுத்தாய் எண்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகு என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருத்தியின் தோளில் ஒருத்தி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

எனக்குப் பின்னால் சரக் சரக் என்று மணல் சத்தம். திரும்பினால் நவ்பர், நீட்டிய கோலோடு வருகிறார்.

“கொஞ்சம் வெலகுங்க ரிஸ்வானா. இத எடுத்தா எவ்வளவு ஷெயார் போகும் தெரியுமா?”

“வைங்க உள்ளுக்கு.”

“லைவ்ல ஈக்கிறேன். எல்லாரும் பாத்துக்கொண்டு ஈக்காங்க.”

நான் விலகவில்லை. அவர் இடது பக்கம் போனார், நானும் போனேன். வலது பக்கம் வந்தார், நானும் வந்தேன். கடைசியில் கையை நீட்டினேன்.

அந்த நேரலை எங்கள் பேட்ச் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சஹன் வருவது, டீ ஷேர்ட், இரண்டு நிறத்து ஸ்கார்ப், என் நடுங்கிய பேச்சு எல்லாம் அதில் பார்க்கலாம். முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. ஃபோன் பழுதாகிவிட்டது என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள். பழுதில்லை. அது என் உள்ளங்கை.